ஜார்ஜ் எலியாஸ் செய்யாத பில்ட்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தோல் தொழிற்சாலை உரிமையாளர் சங்கத் தலைவர் லியாகத் அலி சாஹிப் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் கணினி மைய மேலாளர் புகழேந்தி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஜார்ஜ் சாரின் மனைவி ஃபீபி அக்கா, மகள் ஹெப்சி, ஆம்பூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் நசீமுன்னிசா. நம் சங்கத்தின் கணினி மையத்தில் ஜார்ஜ் எலியாஸ் சாருக்குக் கீழே நாலு வருடம் வேலை கற்றவள். எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் ஆகும். அவசரம் இருப்பவர்கள் போகலாம். புகழேந்தி சார் மட்டும் தயவுசெய்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் போன நம் ஜார்ஜ் சார் யார்? 1999இல் இந்த மையத்துக்கு வெப் சர்வர் வைத்துக் கொடுத்தவர். உங்களிடம் கொடுத்த ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளிநாட்டு வியாபாரி தன் ஊரிலிருந்தே பார்க்க வழிசெய்தவர். அதற்காக சர்வரோடு சேரும் மாட்யூல், அதாவது துணை நிரல் ஒன்றைத் தானே எழுதியவர். எழுதினால் மட்டும் போதுமா? போதாது. அதை நம் இயந்திரத்தில் ஓடும்படி கட்டியெடுக்க வேண்டும், அதற்குத்தான் பில்ட் செய்வது என்று பெயர். எந்தப் பகுதி சேர வேண்டும், எது வேண்டாம், எங்கே போய் உட்கார வேண்டும் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "டீஃபால்ட்டுல, வந்தது வந்தபடி வுட்டா அது எவனோ காலுக்கு அளவெடுத்த ஷூ, நசீமா. நம்ம கால கடிக்கும்" என்பார்.

ஒருமுறை சர்வர் திணறியது. தேவையில்லாத முப்பது மாட்யூல்களைக் கழற்றிவிட்டு மறுபடி பில்ட் செய்தார். முதலாளிகளில் ஒருவரான அதாவுல்லா பாய் பதறிப்போய், "இன்னா ஜார்ஜு, எல்லாத்தயும் புடுங்கிப் போட்ட?" என்று கேட்டார். "வேல செய்யாதவன உக்கார வெச்சா வேல செய்றவனுக்கு எடம் இல்ல பாய்" என்றார் இவர். அதாவுல்லா பாய் அன்று சிரித்தார். இன்று இந்த மேடையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜார்ஜ் சாரின் அப்பா டேனரியில் தோல் ஊறும் டிரம் ஓட்டியவர். டிரம்மில் ஒரு அட்டை தொங்குமே, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை மணி நேரம், கடைசியில் போட்டவர் கையெழுத்து, அதே வழக்கத்தை ஜார்ஜ் சார் கணினி அறைக்குக் கொண்டுவந்தார். பில்ட் செய்கிறவர் என்னென்ன கட்டளை கொடுத்தோம் என்று அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் முனகிக்கொண்டே எழுதினேன். அவரும் எழுதினார். எழுதாதவர் ஒருவர் இருந்தார்.

2003, ஜூன். ஜார்ஜ் சார் தங்கை கல்யாணத்துக்காக ஆற்காட்டில் இருந்தார். மாட்யூலைத் திருத்தித் திங்கள்கிழமைக்குள் ஏற்றிவிடுவதாக உங்களிடம் ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். பில்ட் பாதியில் நின்றது. பார்க்க வருகிறவர் யார் என்று சரிபார்க்கிற பகுதிக்கு வேண்டிய லைப்ரரி என்கிற துணைக் கோப்பு அந்தக் கணினியில் இல்லை. அந்த ஒரு பகுதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பில்ட் ஓடிவிடும். சொன்னார். ஓடியது. அப்படியே சர்வரில் ஏற்றினார். அட்டை எழுதவில்லை. திங்கள்கிழமை யார் வேண்டுமானாலும் எல்லா ஆர்டரையும் பார்க்க முடிந்தது; உங்கள் விலை போட்டிக் கம்பெனிக்குத் தெரிந்தது, அவர்கள் விலை உங்களுக்குத் தெரிந்தது.

பழி யார் மேல் விழுந்தது? மாட்யூலை எழுதியவர் மேல். "அட்டை எங்க? நான் பில்ட் பண்ணிருந்தா அட்டை இருக்குமே" என்று அவர் கேட்டார். நம்மில் யார் காதில் விழுந்தது? வேலைநீக்கக் கடிதத்தில் தொழில் ரகசியத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்துக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் அவரை உள்ளே விடவில்லை. சர்வர் கட்டிய மனிதர் மூன்று வருடம் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். விசாரணையில் நானும் வாய் திறக்கவில்லை. ஜார்ஜ் சார்தான் செய்தார் என்று மேலாளர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அதற்கு எனக்கு மன்னிப்பு கிடையாது, நான் கேட்கவும் இல்லை.

அடக்கத்துக்கு மறுநாள், புகழேந்தி சார் பயன்படுத்திக் கழித்துப்போட்ட கணினியைத் திறந்தேன். பில்ட் செய்யும்போது ஒரு கோப்பு தானாக உருவாகும். என்ன கட்டளை கொடுத்தார்கள், எந்தக் கணினியில் கொடுத்தார்கள் என்று அதுவே எழுதிக்கொள்ளும். மாட்யூல் கிடந்த இடத்தை அவர் துடைத்திருக்கிறார், இதை விட்டுவிட்டார். இதை அழிக்க வேண்டும் என்று தெரியும் அளவுக்குக்கூட அவருக்கு இந்த வேலை தெரியாது. அது தெரிந்தவரைத்தான் அவர் வெளியே அனுப்பினார்.

அவரிடமே நேரில் போய்க் கேட்டேன். "செத்தவன் மேல பழி இருந்தா யாருக்கு இன்னா நஷ்டம்மா? இருக்கறவன் பொழப்ப ஏன் கெடுக்கற?" என்றார். யாருக்கு நஷ்டம் என்று இந்தச் சபையில் சொல்கிறேன் சார். அந்தப் பெயரை இனிஷியலாகப் போட்டு வேலைக்கு மனு எழுதுகிற ஹெப்சிக்கு நஷ்டம்.

மன்னித்துவிடச் சொல்கிறார்கள். ஃபீபி அக்கா நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "சர்ச்சுல சொல்றாங்க நசீமா, நானும் முட்டி போட்டுப் பாத்துட்டேன், மன்னிக்க வரல" என்றார். எனக்கும் வரவில்லை.

ஜார்ஜ் சார் விட்ட வேலையை நான் தொடர்வேன். அந்த அறையில் கையெழுத்து இல்லாமல் இனி ஒரு பில்ட்டும் ஓடாது. அந்தக் கடிதத்தை ரத்து செய்து, செய்தவர் பெயரைச் சங்கம் எழுதும்வரை நான் விடமாட்டேன். சங்கம் என்னை வெளியே அனுப்பினாலும் விடமாட்டேன்.

வாசலில் உங்கள் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். முன்பக்கம் ஜார்ஜ் சார் படம் இருக்கிறது. இப்போது பின்பக்கம் திருப்புங்கள். அந்தக் கோப்பு அப்படியே இருக்கிறது, தேதி, நேரம், கட்டளை, கணினியின் பெயர். புகழேந்தி சார், நீங்களும் திருப்புங்கள். எழுத்து பொடியாக இருந்தால் சொல்லுங்கள், நான் மைக்கில் படிக்கிறேன்.