தோர்சாஃபின் விரல் கேட்ட விசைப்பலகை

அவைக்குத் தலைமை ஏற்று அழகு சேர்க்கும் ராதியா அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முகமலர்ச்சியோடு வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் பெருமையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! காதால் கேட்கும் நண்பர்களே, என்னைப் போலவே கண்ணால் கேட்கும் உறவுகளே! ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துச் சரக்கு அலுவலகத்தில் பணிபுரியும் இந்த மொக்தாரின் வணக்கம், உங்கள் ஒவ்வொருவருக்கும் உரியது.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் இரு காதுகளையும் கொண்டு போய்விட்டது. வாய் இருந்தது, வார்த்தை இருந்தது. எதிரே இருப்பவர் என்ன சொல்கிறார் என்பது மட்டும் இல்லாமல் போயிற்று. அந்த இருட்டில் எனக்கு விளக்கேற்றியது எது? இதோ, எதிரே ஒளிரும் இந்தத் திரை! நான் பேசுவதும் நீங்கள் பேசுவதும் அதிலே எழுத்தாகி எழுகிறதே, அதை எழுப்புவது யார்? மேடையின் ஓரத்தில், தலை நிமிராமல், நம் வாய்ச்சொல்லை வாங்கி வாங்கி விரலால் வடிக்கும் சகோதரி தோர்சாஃப்! விழாவே அவருக்குத்தான். தன் விழாவுக்கும் தானே வேலை செய்துகொண்டிருக்கிறார்.

சற்றுப் பொறுங்கள். திரையில் என்ன வந்திருக்கிறது? "பேச்சாளர் ஏதோ புகழ்கிறார்." ஏதோவா? அம்மா தோர்சாஃப், சொன்னதைச் சொன்னபடி அடியுங்கள். சிரிக்கிறீர்கள், சபையோரே, உங்கள் தோள் குலுங்குவதிலேயே தெரிகிறது.

சென்ற குளிர்காலத்தில் அவருக்கு நன்றி சொல்ல, காது கேளாதோருக்கான நம் சங்கம் விரும்பியது. அவருடைய பழைய விசைப்பலகையில் எழுத்துகள் அழிந்து, மூலை உடைந்திருந்தது. புதிதாக ஒன்று வாங்கித் தருவோம் என்று முடிவாயிற்று. பொருளாளர் ரிதா கடைக்குப் போனார். மெல்லியது, மின்னுவது, மௌனமானது என்று ஒன்றைக் கொண்டுவந்தார். நாங்கள் எல்லோரும் தடவிப் பார்த்தோம், தட்டிப் பார்த்தோம், தலையாட்டினோம். "உனக்கு எது வேணும்மா?" என்ற ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் புன்னகையோடு பெற்றுக்கொண்டார்.

அதன் பிறகு திரையில் எழுத்துகள் உதிரத் தொடங்கின. இங்கே ஒரு எழுத்து, அங்கே ஒரு சொல். வேலை அதிகம், களைப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

அப்போதுதான் என் மனைவி பெஸ்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சோதனை முடிவைக் கேட்க மருத்துவமனைக்குப் போனோம். தோர்சாஃப் என் பக்கத்தில் கணினியைத் திறந்து வைத்தார். மருத்துவர் வேகமாகப் பேசினார். திரையில் எழுத்து வந்தது: "முடிவு வந்துவிட்டது. இது புற்றுநோய்."

சபையோரே, அந்த நொடியை எந்தச் சொல்லால் சொல்வேன்? தரை இருந்தது, என் கால் அதில் இல்லை. பெஸ்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்! எனக்காகத் துணிச்சலாய் நடிக்கிறாள் என்று எண்ணினேன். அவள் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "என்னை விட்டுட்டுப் போயிடாத பெஸ்மா" என்றேன். என் கண்ணீரைக் கண்டு அவள் திகைத்தாள். மருத்துவர் பேச்சை நிறுத்தினார். தோர்சாஃப் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. விசைகளை ஓங்கி ஓங்கி அடித்தார்.

"அல்ல. அல்ல. புற்றுநோய் அல்ல."

ஒரு சிறு சொல்! அது வராததால் என் உலகம் இடிந்தது. அது வந்ததும் என் வீடு திரும்ப எழுந்தது!

வெளியே நடைவழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்து அவர் அடித்துக் காட்டினார்: "மன்னிச்சிடுங்க அண்ணே. இந்தக் கட்டை அமுங்குச்சா இல்லையான்னே விரலுக்குத் தெரிய மாட்டேங்குது. 'அல்ல'ங்கிறதுக்குச் சுருக்கமா ஒரே கட்டைதான் வச்சிருக்கேன், அதை அடிச்சிட்டேன்னுதான் நெனச்சேன்."

"அப்போ இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

"எல்லாரும் அவ்வளவு ஆசையா குடுத்தீங்க. புடிக்கலன்னு எப்பிடிச் சொல்றது?"

பெஸ்மா எழுந்தாள். வீடு அப்புறம், முதலில் கடை என்று எங்களை இழுத்துப் போனாள்.

கடைக்காரர் வண்ண விளக்கு எரியும் ஒன்றை நீட்டி, எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றாராம். தோர்சாஃப், "எல்லாரோட விரலும் எங்கிட்ட இல்லையே" என்றாராம். பெஸ்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாய் அடித்துப் பார்த்தார். ஒன்று அழுத்தமாய் இருந்தது. சீக்கிரமே விரல் சோர்ந்தது. ஒன்று அகலமாய் இருந்தது. மவுஸை எட்டிப் பிடிக்கத் தோள் வலித்தது. கடைசியில் எண் விசைகள் இல்லாத, குட்டையான, கனமான ஒன்று கிடைத்தது. விசை ஆழமாய் இறங்கி விரலைத் திருப்பித் தள்ளியது. அவர் முகம் தெளிந்ததை நான் கண்டேன்.

அது பெரிய சத்தம் போடும், யாரும் வாங்குவதில்லை என்று கடைக்காரர் எச்சரித்தார். கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருந்ததாகப் பெஸ்மாவும் சொன்னாள். தோர்சாஃப் அசையவில்லை. "எழுத்து விழுந்துடுச்சுன்னு அது எனக்குச் சொல்லுது. எனக்கு இதுதான் வேணும்." வாங்கி வந்தோம்.

ரிதாவுக்கு வருத்தம்தான். சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தாமாகவே சங்கத்துக்கு வந்தார். "நெசத்தைச் சொல்லிடறேன் தங்கச்சி. கடையில எனக்குப் புடிச்சதைத்தான் நான் வாங்கியிருக்கேன். அதை எனக்கே குடுத்துடு." இன்று அவர் வீட்டு மேசையில் அது மின்னுகிறது. என்ன ரிதா, எழுந்து ஏதோ சொல்கிறீர்கள்? திரையில் வருகிறது: "எனக்கு ரொம்ப வசதியா இருக்கு, யாரும் இரவல் கேக்காதீங்க." கேட்க மாட்டோம்!

இளைஞர்களே, எது சிறந்த விசைப்பலகை என்று என்னைக் கேட்கிறீர்கள். யாருக்குச் சிறந்தது? பக்கத்தில் பச்சிளங்குழந்தை உறங்குகிறதா? ஓசையில்லாததை எடுங்கள். விரல் சின்னதா? சின்னதை எடுங்கள். மணிக்கட்டு வலிக்கிறதா? உயரம் குறைந்ததை எடுங்கள். விளம்பரம் உங்கள் விரலை அறியுமா? விற்பவர் உங்கள் வேலையை அறிவாரா? உட்காருங்கள், அடித்துப் பாருங்கள், உங்கள் கையைக் கேளுங்கள்! ஒருவருக்கு நன்றியாய் ஒன்றைத் தருவதானால், தருவதற்கு முன் அவரைக் கேளுங்கள்! கேட்பதற்குக் காது வேண்டும் என்று யார் சொன்னது? அக்கறை இருந்தால் போதும் அன்பர்களே, அக்கறை இருந்தால் போதும்!

தலைவர் அம்மையாருக்கு நன்றி. தாய்மார்களுக்கு நன்றி. தாராள மனம் கொண்ட ரிதாவுக்கும் நன்றி. உங்கள் எல்லோர் மீதும் அமைதியும் அருளும் நிலவட்டும்.

கை தட்டாதீர்கள், எங்களில் பாதிப் பேருக்கு அது கேட்காது. எழுந்து நின்று, இரு கைகளையும் உயரத் தூக்கி அசையுங்கள். இன்னும் உயரமாக!

தோர்சாஃப், அடித்தது போதும் அம்மா. தலையை நிமிர்த்திப் பாருங்கள்.