முதுகுப் பக்கத்து ஜிப்

— ‘வரும் பதினான்காம் தேதி சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, பேருந்து நிலையத்தின் பின்புறமுள்ள நகராட்சி மண்டபத்தில், இரும்பு மயில் குழுவினரின் எண்பதுகளின் ராக் இடிமுழக்கம். சிரிப்புக்கு உத்தரவாதம்.’ சுவத்துல ஒட்டியிருந்ததைப் படிச்சு அப்படியே மனப்பாடம் பண்ணிட்டேன் டெய்லரம்மா. அதான் டிரெஸ்ஸைத் தூக்கிட்டு ஓடி வந்தேன்.

— சுவத்துல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டீங்களா? உங்க ட்ரூப்தானே அண்ணே?

— பசங்க கூப்பிட்டிருப்பானுங்க. என் போன் ஒரு மாதிரி. அதை விடுங்க, இந்தச் சிறுத்தைப்புலி டிரெஸ்ஸைப் பாருங்க. கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் ஒரே துணி. வயித்துல கொஞ்சம் விடணும்.

— ரெண்டு இன்ச்?

— மனசாட்சியோட பேசுங்க. மூணு. அப்புறம் முதுகுல இருக்கற ஜிப்பை முன்னாடி கொண்டுவரணும்.

— ஏண்ணே? பதினஞ்சு வருஷமா முதுகுலதானே இருக்கு. முன்னாடி வச்சா சிறுத்தைக்கு வயித்துல ஆபரேஷன் பண்ண மாதிரி இருக்கும்.

— இருந்துட்டுப் போகட்டும். எப்பவும் டிரம்மர் எனக்கு ஏத்திவிடுவான், நான் அவனுக்கு ஏத்திவிடுவேன். போன தடவை நான் போய்ச் சேர்றதுக்குள்ள மூணு பேரும் மாட்டி முடிச்சுட்டு மேடையோரம் நிக்கறானுங்க.

— வீட்டுலயே போட்டுக்கிட்டுப் போயிருக்கலாமே?

— வீட்டுல யாரு இருக்கா? நேரமாச்சேன்னு அன்னைக்கு அதையும் பார்த்தேன். ஷூ லேஸை ஜிப்புல கட்டி, இன்னொரு முனையைக் கதவுக் கைப்பிடியில கட்டி, கைப்பிடிக்கு முதுகைக் காட்டி மெதுவா உக்காந்தேன். பாதி ஏறிச்சு. லேஸ் அறுந்துச்சு. மேல ஒரு போர்வையைப் போட்டுக்கிட்டு பஸ்ல போனேன்.

— தப்பா நினைக்காதீங்க, சிரிப்பு வருது.

— சிரிங்க, சிரிங்க. அதுக்குத்தானே ட்ரூப்பே. தலைக்கு விக்கு, கண்ணுக்கு மை, கிதார்க்காரன் வழுக்கி விழறது. அந்தக் காலத்துல ராக் பாடினவனுங்க நெஜமாப் பண்ணானுங்க, நாங்க கேலியாப் பண்றோம். ஆனா கேட்டுக்கோங்க, எனக்குக் கேலி இல்ல. எண்பத்தேழுல எங்கிட்ட ஒரு டேப் ரெக்கார்டர், ஒரே ஒரு ராக் கேசட். நாடா வெளிய வந்தா பென்சிலை விட்டுச் சுத்தி, மறுபடி கேப்பேன். ஒரு வார்த்தை புரியாது. ஹாஸ்டல்ல நாப்பது பேரு இருந்தோம், எங்கிட்டப் பேசினது அந்தக் கத்தல் மட்டும்தான்.

— கையை இறக்குங்க, குண்டூசி குத்தும்.

— போன தடவை அந்த மெதுவான பாட்டு. வழக்கமா மூணாவது வரியில என் விக்கு கழண்டு விழணும், ஜனம் சிரிக்கணும். அன்னைக்கு விழவிடல. கண்ணை மூடிக்கிட்டு முழுசாப் பாடினேன். அழுதேன்னே வச்சுக்கோங்களேன்.

— ஜனங்க?

— ஒரு பொட்டுச் சத்தம் இல்ல! முந்நூறு பேரு. என் ஜென்மத்துல அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்ல.

— உங்க ஆளுங்க என்ன சொன்னாங்க?

— என்னத்தைச் சொல்வானுங்க? திரும்பி வர்றப்ப வேன்ல வழி முழுக்க எவனும் வாயைத் திறக்கல. அவ்வளவு ஆடிப்போயிட்டானுங்க.

— அண்ணே... நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. எதுக்கும் அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு அப்புறம் பிரிக்கலாமே. ஜிப்பைப் பிரிச்சுட்டா, இந்தத் துணி மறுபடி பழையபடி தைக்க வராது.

— பத்து தடவை போட்டாச்சு. ஒத்திகையில இருப்பானுங்க.

— நீங்க இல்லாமயா?

— எனக்கெதுக்கு ஒத்திகை? போஸ்டரைப் பார்த்தீங்களா? நாலு விக்கு, நாலு மூக்கு. அதுல நான் எதுன்னு எனக்கே தெரியல. விக்கை மாட்டிட்டா என் இடத்துல எவனை வேணா நிறுத்தலாம், பெத்த தாய்க்கே தெரியாதுன்னு மேடையில நானே சொல்வேன். அதுக்குத்தான் கைதட்டல் பிச்சுக்கும்.

— ம்.

— என்ன ம்? டேப்பைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கறீங்க. என் அளவு நோட்டுல இருக்குமே. குடுங்க அதை.

— அது வேணாம் அண்ணே. அது இந்த வாரத்து நோட்டு.

— இருக்கட்டும் குடுங்க. டிரம்மர், இடுப்பு நாப்பத்திரண்டு. தடியன்! பேஸ் கிதார், முப்பத்தாறு. கிதார், முப்பத்திநாலு. பார்த்தீங்களா, மூணு பேரும் எனக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருக்கானுங்க. பாடகர், முப்பது. முப்பதா! எனக்கு எண்பத்தேழுலதான் முப்பது. தப்பா எழுதியிருக்கீங்க டெய்லரம்மா.

— தப்பில்ல அண்ணே. நேத்துக் காலையில அவரு இங்கதான் வந்து நின்னாரு, டேப் வச்சுத்தான் எடுத்தேன். சாயங்காலம் நாலு பேருமா வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவருக்கும் ஜிப் முதுகுலதான் வச்சிருக்கேன்.