கடைசி வரியில் இருந்த விலாசம்

ஹலோ... ஹலோ, திதியே? டேய், எங்கடா போன? பதினோரு தடவ போட்டுட்டேன்... அக்காடா, ஜோசெத் அக்கா... மீட்டிங்கா? இருக்கட்டும். வெளிய வா... வாடான்னா... வந்துட்டியா? கதவ சாத்திக்க.

...

இல்ல, இல்ல, உங்க மாமாவுக்கு ஒண்ணும் இல்ல. அவரு சாப்ட்டு படுத்து கொறட்ட விடறாரு. அதான் மெதுவா பேசறேன். நல்லா காதுல வெச்சி அழுத்திக் கேளு... மெயிலு போயிட்ச்சிடா. நான் பிளாக்ல எழுதற கட்டுரை வாசகருங்களுக்கு மெயிலா போவுமே, அது... ஆமா, ஆமா, எல்லாருக்கும் போயிட்ச்சி. ஒருத்தர் பாக்கி இல்ல. அதாண்டா இப்ப ஆபத்து. கீழ என் வீட்டு விலாசமும் சேந்து போயிருக்கு.

...

என் பேரு, கதவு நெம்பரு, தெரு, உப்பளம், பின்கோடு வரைக்கும்... ஆமாண்டா. இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும்... நான் எங்கடா போட்டேன்? நான் எழுதினது முடிஞ்சி, கடைசி வரிக்கு கீழ, அதுவே ஒட்டிக்கிட்டு போயிருக்கு. பொடி எழுத்துல. "மதாம் ஜோசெத் இராயப்பன்"னு. மூணு வருஷமா உப்புக்காத்துன்னு ஒரு பொய்ப் பேர்ல எழுதறேன், கூட படுத்திருக்குற மனுஷனுக்கே தெரியாது. இப்ப ஊருக்கே தெரிஞ்சி போச்சி.

...

சட்டமா? எந்த ஊரு சட்டம்? ... ஓ... ஓ... பட்டியல் வெச்சி அனுப்பறவன் விலாசத்த கீழ போட்டே ஆவணுமா? இத முன்னாடியே ஏண்டா சொல்லல? ... சொன்னியா? எப்ப? ... மெயில்ல எழுதியிருந்தியா. நான் மேல ரெண்டு வரிதான் படிச்சேன்.

...

ஆமா, மெயில் அனுப்பறதுக்கு மூணு சர்வீஸ் சொன்ன. ஒண்ணு பிளாக்கோடவே வர்றது, பேரு ஊரு எதுவும் கேக்காது. அதையே எடுன்னுதான் சொன்ன. ரெண்டாவது, கார்டு நெம்பரு கேட்டான். மூணாவது இது... நான்தான் எடுத்தேன். ஆமா, ஒத்துக்கறேன்... ஏன்னா... சிரிக்க மாட்டியே? பாரம் பிரெஞ்சுல இருந்துச்சிடா.

...

சிரிக்கற பாரு! இருவது வருஷமா எனக்கு இதாண்டா பொழப்பு. பிரான்சு பென்ஷன்காரங்களுக்கு பிரெஞ்சு கான்சுலேட் பாரம் பூர்த்தி பண்றவ நான். ஒரு கட்டம் காலியா விட்டா தொசியே, அதான் அந்தக் காயிதக் கட்டு, முழுசா திரும்பி வந்துடும். தொண்ணூறு வயசு கெழவர் மறுபடி வரிசைல போயி நிக்கணும். பிரெஞ்சு பாரத்த பாத்தா என் கை பாட்டுக்கு உள்ளத உள்ளபடி எழுதிடும். பேரு பெரிய எழுத்துல, விலாசம் முழுசா. கேட்டான்னு பொறந்த ஊரு வரைக்கும் எழுதிட்டு, விட்டுப்போச்சான்னு ரெண்டு தடவ சரி வேற பாத்தேன். பொய் விலாசம் போடலாம்னு எனக்குத் தோணவே இல்ல, திதியே.

...

கமலவேணி டீச்சர் சொல்லித்தான் தெரியும். இப்பதான் போன் பண்ணாங்க. "ஜோசெத்து, உப்புக்காத்து நீதானா? எதிர் வீட்ல இருந்துகிட்டு ஒரு வார்த்த சொல்லலியே"ன்னு அவங்க சிரிக்கறாங்க. அத வெச்ச கையோட உனக்கு அடிக்க ஆரம்பிச்சவதான்.

...

யாரு, நானா? சும்மா பயப்படறனா? இன்னிக்கி போனது என்ன கட்டுரைன்னு தெரியுமா உனக்கு? ... படிக்கலியா? உனக்கும்தானேடா வந்திருக்கு! ... சரி, கேளு. அலெக்சி... அதே அலெக்சிதான், உன் கூட கால்பந்து ஆடுவானே. பாரீசுல செக்யூரிட்டி வேல பாக்கறான். ஆறு மாசம் முன்னாடி அவங்க அம்மா காயிதம் ஒண்ணுக்காக அவன் லிவ்ரேவ என்கிட்ட குடுத்தான்... லிவ்ரேடா, கல்யாணம், கொழந்தன்னு எல்லாம் பதியற குடும்ப புக்கு. அதுல பொண்டாட்டி பேரு இருக்கு. அங்கத்து பொண்ணு. ரெண்டு கொழந்த. விவாகரத்துன்னு ஒரு வரி கெடையாது... ஆமா, என் கண்ணால பாத்தேன்.

இப்ப லீவுல வந்து தவளக்குப்பத்துல மண்டபம் பேசியிருக்கான். வர்ற வெள்ளிக்கிழம கல்யாணம்... ஆமாண்டா, நாலு நாள்தான். பொண்ணு வீடு பழைய மில்லுக் குடும்பமாம். அப்பாவுக்கு மில்லு மூடினதுலேந்து வாட்ச்மேன் வேல. "பதிவெல்லாம் பிரான்சு போயி பாத்துக்கலாம்"னு சொல்லி வெச்சிருக்கான். அவங்க அம்மாதான் பெருமையா வந்து சொல்லிட்டு போச்சி. பொண்ணு பேரு கூட சொல்லல.

...

நேரா போயி சொல்லியிருக்கணும். ஆமா. ஆமா. நீ சொல்லுவ. என்ன நம்பி குடுத்த தொசியேடா அது. அதுல பாத்தத வெளிய சொன்னா நாளைக்கு எவன் என் வாசல மிதிப்பான்? அதான் ஆளு பேரு போடாம, ஊரு பேரு போடாம எழுதினேன். "தாலி கட்டறதுக்கு முன்னாடி லிவ்ரேவ காட்டச் சொல்லுங்க"ன்னு முடிச்சேன். யாராவது படிச்சி, யாராவது சொல்லி, எப்பிடியாவது அந்தப் பொண்ணு காதுக்குப் போய் சேராதான்னு... கோழத்தனம்தான். தெரியும்டா.

அவனுக்கு ஒரு நிமிஷம் போதும். என் பேரப் பாத்தான்னா, லிவ்ரே யாரு கையில இருந்துச்சின்னு தெரிஞ்சிக்குவான். போன தடவ லீவுல வந்தப்ப வண்டி நிறுத்தற தகராறுல ஒருத்தன் கைய முறிச்சவன் அவன்.

...

யாரு படிச்சாங்கன்னு எப்பிடி தெரியுமா? இந்த சர்வீஸ்லயே காட்டுதுடா. யாரு தொறந்தாங்க, எத்தன மணிக்கு, எத்தன தடவன்னு பட்டியல் போட்டுக் காட்டுது. எண்ணிக்க ஏறிக்கிட்டே இருக்கு. உனக்கு போன் போட்டப்ப அறுவத்தி ரெண்டு... இப்ப... இரு... எழுவத்தி ஒண்ணு. அய்யோ, எழுவத்தி ஒண்ணுடா. அதுல க்ளெமான்ஸ் இருக்கா... அலெக்சி தங்கச்சி! அவ பன்னெண்டு நாப்பதுக்கு தொறந்திருக்கா. ரெண்டு தடவ. இன்னொண்ணு, மேனு எண்பத்தேழுன்னு ஒரு ஐடி, போன மாசம் சேந்தது. யாருன்னே தெரியல. அது ஒம்போது தடவ தொறந்திருக்கு. ஒம்போது தடவ எதுக்குடா படிக்கணும்? அவன் ஆளா இருக்குமோ?

...

நிறுத்த முடியாதா? போனது போனதுதானா? ... நீ கம்ப்யூட்டர்காரன்தானே, எதாவது பண்ணுடா! ... சரி... சரி... கத்தல... விலாசத்த மாத்தினா அடுத்த மெயில்லேந்துதான் மாறுமா. அப்ப போனத யாரு போயி பொறுக்கறது?

இரு... இரு இரு... பேசாத.

...

ஒண்ணும் இல்ல. பைக்கு. தாண்டிப் போயிட்ச்சி. மத்தியானம் ஒரு மணி, தெருவுல ஈ காக்கா இல்ல, ஒரு பைக்கு போனா உசிரு போயி வருது. நீ லைன்ல வர்றதுக்கு முன்னாடி லேண்ட்லைன் ரெண்டு தடவ அடிச்சது. எடுத்தா பேச்சே இல்ல. மூச்சு மட்டும் கேக்குது.

...

உங்க மாமாவ எழுப்பவா? எழுப்பி என்ன சொல்றது? அவரு ஹார்ட்டு பேஷண்ட்டுடா.

சரி, நான் சொல்றத செய். என் பாஸ்வேர்டு உன்கிட்ட இருக்குல்ல? உள்ள போ. நான் போனா எதையாவது தப்பா அமுக்கிடுவேன்... போயிட்டியா? புதுசா ஒரு மெயில் தொற. நான் சொல்லச் சொல்ல அடி. "வாசகர்களுக்கு. இன்று காலை அனுப்பிய கட்டுரை முழுவதும் கற்பனை..." அடிச்சியா? "அப்படி ஒரு மாப்பிள்ளையும் இல்லை, அப்படி ஒரு கல்யாணமும் இல்லை. யார் மனதாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்..." ஏன் நிறுத்திட்ட?

...

அடிடா.

...

தெரியும்... அந்தப் பொண்ணு... தெரியும்டா! ரெண்டு ராத்திரி தூங்காமதானே எழுதினேன்? வெள்ளிக்கிழம தாலி ஏறினா அது கதி என்னன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நான் எங்க போவேன்? இந்த வீட்ட விட்டு, இந்தத் தெருவ விட்டு எங்க போவேன்? நீ சென்னையில ஏசில ஒக்காந்துகிட்டு எனக்கு நியாயம் சொல்ற. பயமா இருக்கு, திதியே. நெசமா பயமா இருக்கு... அழல. மூக்கு ஒழுவுது, அவ்வளவுதான்.

அனுப்பு... ஆமா. அனுப்பிடு... இரு. "கற்பனை"ன்றத மொதல் வரியில போடு, எல்லாரும் கீழ வரைக்கும் படிக்க மாட்டாங்க... போட்டுட்டியா? சரி, இப்ப...

திதியே.

கேட்டு சத்தம்.

...

கேட்டுடா. யாரோ தொறக்கறாங்க... பெல்லு... உனக்கும் கேட்டுச்சா? ... தொறக்க மாட்டேன். உள்ளேந்து தாப்பா போட்டிருக்கு... மறுபடியும் அடிக்கறாங்க. உங்க மாமா எழுந்துடப் போறாரு... நீ லைன்லயே இரு. வெச்சிடாத. என்ன நடந்தாலும் வெச்சிடாத. சன்னல் வழியா பாக்கறேன்.

...

பைக்கு இல்ல. சைக்கிள். லேடீஸ் சைக்கிள்... ஒரு பொண்ணு. தனியா நிக்குது. இருவது, இருவத்திரெண்டு வயசு இருக்கும். வேர்த்து ஊத்துது. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் மருதாணிடா... ஒரு காயிதம் வெச்சிருக்கு. பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் எடுத்த காயிதம். அத பாக்குது, கதவு நெம்பர பாக்குது, மறுபடி காயிதத்த பாக்குது.

...

இரு. தொறக்கறேன்.

யாரும்மா? ... யாரு வேணும்? ... ஆமா. ஜோசெத் இராயப்பன் வீடுதான்... நான்தான்.

...

ஆமா. நான்தான் எழுதினேன்.

...

மேனகாவா? ... மேனு எண்பத்தேழு... நீதானாம்மா அது? நிச்சயம் ஆனதுலேந்து, பிரான்சு சங்கதி தெரிஞ்சிக்கலாம்னு என் பிளாக்க படிச்சிக்கிட்டு இருக்கியா... தவளக்குப்பத்துலேந்து இந்த வெயில்ல சைக்கிள்லயா வந்த? ... வீட்ல தெரியாதா... போன்ல பேசாம மூச்சு விட்டது நீதானா? நெம்பரு எப்பிடி... விலாசத்த வெச்சி டைரக்டரில பாத்தியா.

...

திதியே, இருக்கியா? கேட்டுச்சா? ஒம்போது தடவ படிச்சது இந்தப் பொண்ணுதான். கட்டுரையில பேரு போடலியே, அது எங்க வீட்டு மாப்பிள்ளையான்னு கேக்குதுடா.

அந்த மெயிலு... அனுப்பிட்டியா? ... டேய், சொல்லு, அனுப்பிட்டியா? ... அடிக்கவே இல்லியா? நான் சொல்லச் சொல்ல சும்மா ஒக்காந்திருந்தியா? ... திருட்டுப்பயலே. நல்லதாப் போச்சி. தொடாத. அந்த மெயில் வேணாம்.

...

பயமா? அது எங்கடா போவும், அப்பிடியேதான் இருக்கு. க்ளெமான்ஸ் இந்நேரம் அண்ணன்காரன்கிட்ட சொல்லியிருப்பா. நீ ஆறு மணி பஸ்ஸ புடிச்சி வந்துடு... ஆமா. ஆமா. வெச்சிடறேன்.

உள்ள வாம்மா. பரவால்ல, செருப்போட வா. அவன் பேரு அலெக்சிதானே? ... ஒக்காரு, சொல்றேன்... இரு, அந்த சைக்கிள உள்ள தள்ளிட்டு, கேட்ட தாப்பா போட்டுட்டு வா.