கல்லுல கேங்குன்னே வெட்டுங்க

சங்கமா? யாரு மேடம் வெச்சது சங்கம்? தலைவி, செயலாளர், மாலை, மைக்கு... அதெல்லாம் உங்க தலைநகரம் ஜார்ஜ்டவுன்ல வெச்சுக்குங்க. எங்க பாட்டன் பாட்டி கப்பலேறி வந்த இந்த பெர்பீஸ் கரும்புத் தோட்டத்துல நாங்க களையெடுக்கிற கேங்கு. தோட்டத்தையே இழுத்து மூடிட்டாங்க, அப்பவும் கேங்குதான். ஞாபகக் கல்லு வைக்கிறீங்கள்ல, அதுல அப்படியே வெட்டச் சொல்லுங்க.

அசிங்கமா இருக்கா? நல்லா இருக்கே கதை! துப்பாக்கி தூக்கினவன்லாம் கேங்குன்னு பேரு வெச்சுக்கிட்டான்னா, அவனுக்கு முந்தியே கத்தி தூக்கிக் களையெடுத்தவளுக பேரை மாத்திக்கணுமோ? நேத்து வந்த பயலுக அவனுக. வேணும்னா அவனுகளைச் சங்கம்னு வெச்சுக்கச் சொல்லுங்க. மாலை போட நீங்களே போவீங்க.

உக்காருங்க மேடம். பெஞ்சுல சேறு இல்ல, சும்மா தட்டித் தட்டிப் பாக்காதீங்க.

கேங்குன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? ஆளுக்கு நாலு வரிசை. ஒருத்தி முடியாம பின்தங்கினா, பக்கத்து வரிசைக்காரி அவளோடதையும் சேத்து எடுக்கணும். என்னாச்சு ஏதாச்சுன்னு கேக்கக் கூடாது, குனிஞ்சு எடுக்கணும். கங்காணி கத்துவான், கத்திட்டுப் போறான். எல்லாரும் ஒண்ணாத்தான் வாய்க்கால் கரைக்கு ஏறணும். உங்க சங்கத்துல உண்டா இப்படி? சந்தா கட்டலேன்னா பேரை அடிப்பீங்க. தெரியாதாக்கும்.

சரி, பட்டியல்ல இருக்கிற பேருகளைப் படிங்க. புதியா... சரி. லட்சுமின்... ம்ம். சுமிந்திரா...

ஆமா, செத்துட்டா. ஏழு மாசம் அப்ப. உச்சி வெயில்ல வரிசையிலயே விழுந்துட்டா. வயித்துப் புள்ளையும் போச்சு.

பக்கத்து வரிசைக்காரியா? இருந்தா, ஏன் இல்லாம? மேனேஜர் பங்களாவுல நிழல்ல வேலை வாங்கித் தரேன், உன் வரிசையை மட்டும் பாருன்னு கங்காணி அவகிட்ட சொல்லியிருந்தான். சுமிந்திரா ரெண்டு தடவை கூப்பிட்டா. அவ காதுல விழுந்துச்சு. தன்னோட நாலை முடிச்சிட்டு, மத்தவங்களுக்கு முந்தி கரை ஏறிட்டா. வேலையும் கிடைச்சுது, பதினாறு வருசம்.

அடுத்த பேரு என்ன, எத்வாரியாவா? அதை அடிச்சிடுங்க.

என் பேருதான், தெரியுது. நீங்க சங்கம்னு வெட்டுறதா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். கேங்குன்னு வெட்டினா நான் அதுல இல்ல மேடம்.