கையெழுத்தில்லாத இரண்டு இலைகள்

மருத்துவமனையின் மூலிகைத் தோட்டத்து மாடி அறையில் முப்பத்தொரு ஆண்டுகள் முதுகு வளைத்து, முளையையும் மொட்டையும் மலரையும் முடியினும் மெல்லிய கோடுகளால் தாளில் தழைக்கவைத்து, இன்று பணி நிறைவு காணும் செடி ஓவியர் அம்மையாருக்கு, உடன் பணிபுரியும் நாங்கள் ஒருமனதாய் வாசித்தளிக்கும் மடல்.

வண்ணங்களை வாழவைத்தவரே! இலைகளின் இயல்பறிந்த இனியவரே! பச்சை என்று நாங்கள் ஒரே சொல்லில் கடந்துபோனதைப் பதினாறு பச்சைகளாய்ப் பிரித்துக் காட்டிய பெருந்தகையே! உருப்பெருக்கும் கண்ணாடியை ஒருநாளும் கழுத்திலிருந்து கழற்றாததால் எங்கள் ஒவ்வொருவருக்கும் ‘லென்ஸ் அம்மா’வாகிப் போனவரே! வணக்கம்!

இதற்கு மேல் விளித்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இருபத்தைந்தாம் ஆண்டு விழாவில் மூன்றாவது அடைமொழியிலேயே தாங்கள் மேடையிலிருந்து மாயமானதையும், தேடி வந்தபோது கண்ணாடிக் குடிலில் ஒரு பூவின் வாய்க்குள் பார்வையைச் செலுத்திப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்ததையும், “நாப்பத்தேழு வரைக்கும் வந்துட்டேன், கூப்பிட்டுக் கெடுத்துட்டீங்களே” என்று எங்களையே கடிந்துகொண்டதையும் நாங்கள் மறக்கவில்லை. ஆகவே இம்முறை ஓர் ஏற்பாடு. இனி ‘ஓவியர்’ என்று யாரோ ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறோம். தாங்களும் அடுத்தவர் கதை கேட்பதுபோல் நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். தலைமைத் தோட்டக்காரர் வாசலருகே நிற்பது காற்று வாங்க அல்ல.

அந்த ஓவியர் போன வாரம் எங்கள் அறைக்கு வந்தார். கதவைத் தட்டவில்லை, உட்காரவில்லை. “மடல் எழுதப்போறீங்களாமே? எழுதுங்க. ஆனா அந்த லேபிள் விஷயம் இல்லாம எழுதினா நான் வாங்கிக்க மாட்டேன். பொய்க்கு ஃபிரேம் போட்டு என் வீட்டுச் சுவத்துல மாட்ட முடியாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாராட்டு மடலில் பிழையைச் சேர்க்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு யோசித்தோம். அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது. ஆனால் அவர் நினைத்த காரணம் வேறு, எங்கள் காரணம் வேறு. அது போகப் போகத் தெரியும்.

கதைக்கு நாயகி ஒரு செடி. டிஜிட்டாலிஸ் என்பது பெயர். நரிக்கையுறை என்று யாரோ வைத்த செல்லப்பெயரும் உண்டு. எந்த நரி அதை மாட்டிப் பார்த்தது என்று கேட்காதீர்கள். ஆள் உயரத் தண்டில் விரல் நுழையும் அளவான ஊதா மணிகள் ஒரே பக்கமாய்த் தொங்கும். ஒவ்வொரு மணிக்குள்ளும் வண்டுக்கு வழிகாட்டப் புள்ளிகள் இருக்கும். தோட்டத்தில் நின்றால் அழகு, தேநீரில் விழுந்தால் நஞ்சு. மருத்துவர் அளந்து கொடுத்தால் தள்ளாடும் இதயத்தைத் தட்டிக்கொடுத்து நிமிர்த்தும் மருந்து. எங்கள் தலைமைத் தோட்டக்காரரின் சட்டைப்பையில் இருக்கும் மாத்திரைகூட இந்த இனத்து இலையிலிருந்து வந்ததுதான். நாற்பது ஆண்டுகள் அதற்குத் தண்ணீர் ஊற்றினார், இப்போது அது அவரைப் பார்த்துக்கொள்கிறது.

இந்தச் செடியின் குணம் ஒன்று உண்டு. முதல் ஆண்டு முழுக்க இலை மட்டும்தான். தரையோடு தரையாய்ச் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். பூத்த பிறகு யாரும் ஏமாறமாட்டார்கள். பூக்காத முதல் ஆண்டில்தான் அது பக்கத்துப் பாத்தியில் வளரும் போரேஜ் என்னும் கீரையைப்போலக் கண்ணைக் கட்டும். போரேஜ் தேநீரில் போடலாம், சூப்பில் போடலாம், பச்சையாகவும் மெல்லலாம். பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை, வயிற்றுக்குப் போனால் பகையாளிகள்.

நம் ஓவியருக்கும் ஒரு குணம் உண்டு. எந்தச் செடியை வரைய உட்கார்ந்தாலும் முதலில் தொட்டியில் குத்தியிருக்கும் பெயர் லேபிளைப் பிடுங்கி ஜன்னல் ஓரம் வைத்துவிடுவார். கேட்டால், “பேரு தெரிஞ்சா கண்ணு சோம்பேறி ஆயிடும். பாக்காமலே வரைய ஆரம்பிச்சிடும்” என்பார். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கமும் உண்டு. டிஜிட்டாலிஸ் வரையும் நாட்களில் மட்டும் அந்தப் பழக்கத்துக்கு விடுமுறை. ஒருமுறை ஒரு தண்டின் உச்சியில் மணிக்குப் பதிலாகக் கிண்ணம்போல வான் பார்த்து ஒரு பூ பூத்தது. அந்த வகையில் எப்போதாவது அப்படி ஒரு பூ வரும். இயக்குநர், “இதை எடுத்துட்டு ஒழுங்கான பூவா போடுங்கம்மா, பாக்கறவங்க நீங்க தப்பா வரைஞ்சதா நினைப்பாங்க” என்றார். “அது அப்படித்தான் பூத்துச்சு சார். அதுகிட்ட போய்ச் சொல்லுங்க” என்று பதில் வந்தது. அந்தப் படம் இன்றும் கிண்ணத்தோடுதான் இருக்கிறது.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், பொதுமக்களுக்குச் செடி வழங்கும் நாளன்று, ஓவியரின் மேசைமேல் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்றில் பன்னிரண்டு தொட்டி டிஜிட்டாலிஸ், மற்றதில் பன்னிரண்டு தொட்டி போரேஜ். இருபத்து நான்கு லேபிள்களும் ஜன்னல் ஓரம். கீழே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. தோட்டக்காரர் படியேறி வந்து, “அம்மா, கீரைத் தட்டைக் குடுங்க, ஜனங்க என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க” என்று அவசரப்படுத்தினார். ஓவியர் கை கழுவிக்கொண்டே வந்து லேபிள்களைக் குத்தினார். காலை முழுக்க இலை இலையாய்ப் பார்த்த கண், அந்த அரை நிமிடம் தட்டைப் பார்க்கவில்லை. போரேஜ் என்ற லேபிளோடு பன்னிரண்டு டிஜிட்டாலிஸ் படியிறங்கின.

மறுநாள் காலை எதிர்க் கட்டடத்தின் வார்டில் ஒரு தையல்காரம்மாவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வாந்தி, மயக்கம், நாடித் துடிப்பு விழுந்துகொண்டே போகிறது. மேலே போர்த்திய வெள்ளைத் துணியைப் பார்த்து அவர், “ஏன் மஞ்சளைப் போத்தறீங்க?” என்று கேட்டிருக்கிறார். முப்பது ஆண்டு துணி வெட்டிய கண் நிறம் மாற்றிச் சொன்னதும் மகளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தின மாலை குடித்தது கீரைத் தேநீர் ஒன்றுதான். மருத்துவர் அந்தத் தொட்டியையே எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடச் சொன்னார்.

மகள் தொட்டியோடு வந்து நின்றாள். தோட்டக்காரர் லேபிளைப் பார்த்தார், “போரேஜ்மா. இதனால ஒண்ணும் ஆகாது” என்றார். அவர்மேல் தவறில்லை. லேபிள் அப்படித்தான் சொன்னது. அவள் திரும்பிப் போக நாலடி வைத்துவிட்டாள். அப்போதுதான் ஓவியர் படியில் இறங்கி வந்தார். “கொஞ்சம் நில்லும்மா” என்றார். வழக்கம்போல லேபிளைப் பிடுங்கினார். இலையைப் புரட்டினார். போரேஜ் இலைக்கு இருக்கவேண்டிய முள்போன்ற முரட்டு மயிர் இல்லை, பூனை வயிறு மாதிரி மெத்தென்று இருந்தது. அடியில் வலை பின்னிய நரம்புகள். கசக்கினால் வரவேண்டிய வெள்ளரி வாசம் வரவில்லை. கையில் இருந்த லேபிளைப் பார்த்தார். அது அவர் எழுத்து.

“இது டிஜிட்டாலிஸ். ஓடிப் போய் டாக்டர்கிட்ட சொல்லு. இரு, நானே வர்றேன்” என்று அவர் ஓடியதை அன்று பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கழுத்துக் கண்ணாடி முதுகுப்பக்கம் போய்விட்டதாம். செடி இன்னதென்று தெரிந்ததால், வெள்ளை மஞ்சளாய்த் தெரிந்ததும் அதன் நஞ்சால்தான் என்று புரிந்தது, மாற்று மருந்து இன்னதென்றும் தெரிந்தது.

தையல்காரம்மா பிழைக்கிறாரா என்று தெரியுமுன்பே மற்ற பதினொன்றையும் தேட வேண்டியிருந்தது. புறப்படும் முன் இயக்குநர் அவரைத் தனியே அழைத்தார். நல்ல மனிதர், பயந்துபோயிருந்தார். “லேபிள் காத்துல விழுந்து யாரோ மாத்தி வெச்சிருப்பாங்கன்னு சொல்லிடலாம்மா. உங்க வேலையும் தப்பிக்கும்” என்றார். “காத்து விழ வைக்கும் சார். குத்தி வைக்காது. நான்தான் வெச்சேன்” என்றார் ஓவியர்.

ஓவியரும் தோட்டக்காரரும் பதிவேட்டில் இருந்த முகவரிகளை வைத்துத் தெருத்தெருவாய் அலைந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் அவர் ஒரே வாக்கியம் சொன்னார்: “நான் தப்பான பேரு எழுதிக் குடுத்துட்டேன், இது விஷம், திருப்பிக் குடுத்துடுங்க.” சிலர் திட்டினார்கள். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். கடைசி வீடு பூட்டியிருந்தது. இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் அந்தக் குடும்பம் காய்கறிப் பையோடு வந்தது, சூப்புக்குத்தான். இலை ஒன்றுகூடக் கிள்ளப்படவில்லை. தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓவியர் அங்கேயே ஓவென்று அழுதுவிட்டார். பக்கத்தில் இருந்த தானும் அழுததைத் தோட்டக்காரர் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.

தையல்காரம்மா ஒன்பதாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். பத்தாம் நாள் ஓவியர் ராஜினாமா கடிதம் நீட்டினார். இயக்குநர் படித்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். “வார்டுல மாட்ட ஒரு படம் கேக்கறாங்க. இந்த ரெண்டு இலையையும் பக்கத்துப் பக்கத்துல. அதை முடிச்சுட்டு இதைக் குடுங்க.”

அந்தப் படம் இரண்டு ஆண்டுகள் எடுத்தது. விதை முளைத்தது முதல் பூத்தண்டு எழும் நாளுக்கு முந்தைய நாள்வரை மாதத்துக்கொருமுறை வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். முடிவில் வந்த படத்தில் பூ இல்லை. “டிஜிட்டாலிஸ் படத்துல பூ எங்கேம்மா?” என்றார் இயக்குநர். “பூ வந்தப்புறம் படமே வேண்டாம் சார்.” படத்தோடு ராஜினாமா கடிதத்தையும் நீட்டினார். இரண்டு ஆண்டாய் அதன் பின்பக்கத்திலேயே வண்ணம் தொட்டுப் பார்த்திருக்கிறார். பதினாறு பச்சைகளும் அதில் இருந்தன, முன்பக்கத்து எழுத்துகள் பாதி ஊறிப் போயிருந்தன. “இது கடிதம் இல்லம்மா, ஓவியம். ஓவியத்தை ஏத்துக்கிட்டு யாரையும் வேலையை விட்டு அனுப்ப முடியாது” என்று இயக்குநர் அதைத் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அன்று முதல் இந்தத் தோட்டத்தில் யாரும் லேபிளைப் பிடுங்குவதில்லை. வரையும்போது லேபிளின் எழுத்துப் பக்கத்தைத் திருப்பி வைப்போம். கண்ணும் சோம்பேறியாகாது, பெயரும் இடம் மாறாது. அதை எங்களுக்குக் கட்டாயமாக்கியவரும் அவரே.

அம்மா! அடுத்தவர் கதை முடிந்தது. இனி தங்களிடம் பேசலாம். தோட்டக்காரரே, கதவைச் சாத்துங்கள்.

தாங்கள் வரைந்த அறுநூற்றுச் சொச்சம் படங்களிலும் வலது மூலையில் கடுகளவு கையெழுத்து உண்டு. அந்த ஒரு படத்தில் மட்டும் இல்லை. நாங்கள் கேட்கும்போதெல்லாம், “அது நான் செஞ்ச தப்போட படம். அதுல என் பேரு எதுக்கு?” என்றே சொல்லிவந்தீர்கள். பத்தொன்பது ஆண்டுகளாய் எங்கள் எல்லோர் பிழையையும் மன்னித்துவிட்டுத் தங்கள் பிழையை மட்டும் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்தீர்கள். பிழையை மடலில் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டோம். இப்போது எங்கள் காரணத்தைக் கேளுங்கள். அந்தப் படம் தொங்கிய இத்தனை ஆண்டில் மூன்று பேர் கையில் கசங்கிய இலையோடு அந்த வார்டுக்கு வந்தார்கள். மூன்று முறையும் செவிலியர்கள் இலையைப் படத்தோடு வைத்துப் பார்த்தார்கள், புரட்டிப் பார்த்தார்கள், நேரம் தவறாமல் மருந்து கொடுத்தார்கள். மூவரும் உயிரோடு இருக்கிறார்கள். பிழை அரை நிமிடத்தது. படம் பதினேழு ஆண்டு வேலை செய்திருக்கிறது.

இரண்டாவது வரிசையில் நீலச் சேலையில் அமர்ந்திருப்பவர் யாரென்று தங்களுக்குத் தெரியும். அவரிடம் போய்க் கேட்டோம். தையல் இயந்திரத்திலிருந்து கால் எடுக்காமலே அவர் சொன்னது இது: “நானும் தப்பா வெட்டியிருக்கேன், பிரிச்சுத் தெச்சிருக்கேன். தப்பா வெட்டின துணியை உடுத்திக்கிற மாதிரி ஆக்கறதுதான் வேலையே. அதுக்கப்புறம் என் கடைப் பேரைத் தெக்காம விட்டதில்ல. போடச் சொல்லுங்க அவங்களை. போடலைன்னா நான் இன்னும் வார்டுலயே படுத்திருக்கேன்னு அர்த்தம்.”

வார்டுச் சுவரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கழற்றி வந்த அந்தப் படம் தங்கள் முன் மேசையில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணாடியைப் பிரித்து வைத்திருக்கிறோம். பென்சிலும் அருகே உண்டு, தாங்கள் சீவுவதைப்போலவே ஊசி முனையாய்ச் சீவியிருக்கிறோம்.

ஓவியம் உள்ளவரை ஓங்குக தங்கள் புகழ்! தங்கள் இதயம் எந்த இலையின் உதவியும் இன்றித் தானாகவே நூறாண்டு தாளம் தவறாது துடிக்கட்டும்! இனி வரும் காலைகளில் எண்ணி முடிக்காத அந்தப் பூவின் புள்ளிகளை எவரும் கூப்பிட்டுக் கெடுக்காமல் எண்ணி முடிப்பீராக!

மடலின் அடியில் எங்கள் கையெழுத்துகள் இன்னும் இல்லை. மறந்துவிடவில்லை. முதல் கையெழுத்து தங்களுடையது. படத்தின் வலது மூலையில், கடுகளவு. அது விழுந்த பிறகே நாங்கள் இங்கே கையெழுத்திடுவோம்; அதுவரை சாப்பாட்டுக்கூடத்தின் சாவி தையல்காரம்மாவிடம் இருக்கும்.

இங்ஙனம்,
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும்
தோட்டப் பணியாளர்கள், ஓவிய அறையினர், உலர்செடிக் காப்பறையினர், வார்டுச் செவிலியர்கள்