நான்காவது சிலிண்டர்

பிஸ்டனுக்கு வளையம் போடுவது நிதானமான ஆள் செய்கிற வேலை, ஐயா. எனக்குக் கோபமே வராது. பட்டறையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

தங்கை புருஷன் தன் பந்தய வண்டிக்கு டீசல் இன்ஜின் கட்டச் சொன்னார். என்னை 'ஸ்பானர் மச்சான்' என்றுதான் கூப்பிடுவார். வளையங்களை அவரே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, கல்யாண நகை மாதிரி பெட்டியில் கொண்டுவந்தார். நல்ல எஃகு, குறை சொல்ல மாட்டேன்.

வளையத்தின் இரண்டு முனைக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் வளையம் நீளும். இடமில்லாவிட்டால் முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனையே இறுக்கிப் பிடித்துவிடும். பந்தய இன்ஜினுக்குச் சூடு அதிகம் என்பதால் முனையை அரத்தால் ராவி இடைவெளியைக் கூட்ட வேண்டும். இதைப் பொறுமையாக அவருக்கு விளக்கினேன். பட்டறையில் அப்போது ஆறேழு பேர் இருந்தார்கள்.

"ஓட்டைய பெருசாக்கினா பவர் எல்லாம் அதுலயே போயிடும் மச்சான். உங்களுக்கு லாரியோட சரி," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவரும் சிரித்தார். அவருக்கு டீசலும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

நான் தலையாட்டினேன். அவர் சொன்னபடியே செய்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னது முக்கால்வாசி பொய். நான்கு சிலிண்டரையும் அப்படி விட்டிருந்தால் பட்டறையில் ஓட்டிப் பார்க்கும்போதே இன்ஜின் திணறியிருக்கும். பழியை என் தலையில் கட்டியிருப்பார். அதனால் மூன்று சிலிண்டருக்கு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, ராவி, அளந்து போட்டேன். நான்காவதை மட்டும் மாப்பிள்ளையின் இஷ்டத்துக்கு விட்டேன். பந்தயத்தின் மலையேற்றத்தில் முழு வேகத்தில் போகும்போதுதான் அது இறுகிப் பிடிக்கும். சொன்னால் கேட்காதவருக்கு வேறு எங்கே வைத்துப் புரியவைப்பது?

பந்தயத்தன்று காலை, அவருக்கு வழி சொல்லப் பக்கத்து இருக்கையில் ஏறப்போன தங்கை என்னிடம் திரும்பி வந்தாள்.

"அண்ணா, வண்டி சரியா இருக்குல்ல? உங்களுக்கு இந்த மாதிரி இன்ஜின் பழக்கமில்லன்னு இவர் சொல்றாரு."

கூடப்பிறந்தவளே இப்படிக் கேட்டால் மனசு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

"நான் கட்டின இன்ஜின்மா. தைரியமா ஏறு," என்றேன்.

மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் இன்ஜின் இறுகிப் பிடித்தது. சக்கரமும் அதோடு நின்றுவிட்டது. வண்டி உருண்டு பள்ளத்தில் விழுந்ததை நானும் கீழே நின்று பார்த்தேன். தங்கைக்காக அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இன்ஜினைப் பிரிக்கும்போது மற்ற மூன்று சிலிண்டரையும் ஒரு முறை தடவிப் பாருங்கள். கீறல்கூட இருக்காது. வேலை தெரியாதவன் என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள், ஐயா.