வாசலில் ஐடிலில் ஓடும் லாரி

சேந்தமங்கலம் போகும் டவுன் பஸ், நாமக்கல்லில் கூட்டம் சேரட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டு நின்றிருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் கடகடத்தன. முன் சீட்டில் இரண்டு பெண்கள். இருவர் வீட்டுக்காரர்களும் லாரி ஓட்டுகிறவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"லோடு இல்லாம எங்க வண்டி பத்து நாளா ஐடிலா நிக்குது. அந்த மனுசன் ஊட்டுலயே உக்காந்துகிட்டு என் உசுர எடுக்குறாரு," என்றார் மூத்தவர்.

"நீங்க குடுத்து வெச்சவங்கக்கா," என்றாள் இளையவள்.

"இதுக்கா?"

"எங்கூட்டுக்காரரு லோடு ஏத்திக்கிட்டு எங்க ஊரு வழியாப் போறப்ப வாசல்ல நிறுத்துவாருங்க. எஞ்சின் ஐடில்ல ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு சொம்பு தண்ணி குடிப்பாரு, புள்ளையத் தூக்கிக் கொஞ்சுவாரு, ஏறிருவாரு. சோறு போட்டாலும் நின்னுகிட்டேதான்."

"ஆஃப் பண்ணிப்போட்டு உக்காரச் சொல்றது."

"ஆஃப் பண்ணுனா மறுக்கா ஸ்டார்ட் ஆகாதாமுங்க. பேட்டரி வீக்கு."

"அப்ப பேட்டரிய மாத்தச் சொல்லு கண்ணு."

"வேண்டாங்கக்கா," என்றாள் இளையவள். "ஒரு நாளைக்கு எங்கூட்டு வாசல்லயே அதுவா ஆஃப் ஆகோணும்."

மூத்தவர் சிரித்தார். இளையவள் சிரிக்கவில்லை.

பஸ் கிளம்பி, கண்டக்டர் டிக்கெட் கேட்டுவிட்டுப் போன பிறகு அவளே சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமையா இருந்தா நல்லா இருக்குமுங்க. மெக்கானிக் கடை லீவு."